மூணு சதுரம், ஒரு வட்டம்: ரோச்செஸ்டர் கோட்டையும் நாப்பது பன்றிகளும்

[காட்சி: ஆத்துக்கு மேல ட்ரோன். கோட்டைக் கோபுரம் மெதுவா கிட்ட வருது.]

இந்தக் கோபுரத்தோட மூலைகள ஒண்ணொண்ணா பாருங்க. முதல் மூலை சதுரம். ரெண்டாவது சதுரம். மூணாவதும் சதுரம். நாலாவது மூலை மட்டும் உருண்டையா இருக்கு, உரலைக் கொண்டுவந்து ஒட்டவச்ச மாதிரி.

கட்டினவங்க ரசனைக்காக அப்படிச் செய்யல. அந்த மூலை ஒரு தடவை இடிஞ்சு விழுந்துச்சு. விழவச்சது ஒரு ராஜா. அதுக்கு அவர் கேட்டு வாங்கின சாமான், நாப்பது பன்றி.

இது இங்கிலாந்துல, கென்ட் பகுதியில இருக்கிற ரோச்செஸ்டர் கோட்டை. லண்டன்ல இருந்து டோவர் துறைமுகத்துக்குப் போற பழைய ரோமானியச் சாலை மெட்வே ஆத்தைப் பாலத்துல தாண்டுற இடம். அந்தப் பாலம் யார் கையில இருக்கோ, கடல்ல இருந்து லண்டனுக்குப் போற வழியும் அவங்க கையில.

1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சப்போ, ஊருக்கு ஊர் அவசர அவசரமா கோட்டை போட்டாங்க. அகழி வெட்டின மண்ணையே மேடாக் குவிச்சு, உச்சியில மரக் கோபுரம், சுத்தி மரவேலி. அவ்வளவுதான். மரம் எரியும், உளுத்தும் போகும். அதனால நாளடைவுல கல்லுக்கு மாறினாங்க. ரோச்செஸ்டர்ல 1127-ல முதலாம் ஹென்றி இந்த இடத்தைக் கேன்டர்பரி பேராயர் கையில கொடுக்கிறார். பேராயர் வில்லியம் தான் இந்தப் பெரிய கோபுரத்தைக் கட்டினவர். ஒரு பேராயருக்கு எதுக்குக் கோட்டைன்னு தோணும். அந்தக் காலத்துல அவர் பாதி சாமியார், பாதி ஜமீன்தார்.

உயரம் 113 அடி. மூலைக் கோபுரங்களைச் சேர்த்தா இன்னும் கூடும். ஒரு பக்கம் 70 அடி. அடிச்சுவரோட கனம் மட்டும் கிட்டத்தட்ட 12 அடி. நம்ம வீட்டுல ஒரு படுக்கையறையே அவ்வளவுதான் இருக்கும்.

[காட்சி: கோபுரத்தின் குறுக்குவெட்டுப் படம்.]

உள்ள பாருங்க. தரைத்தளத்துக்கு வெளிய இருந்து வாசலே கிடையாது. அது சரக்கு வைக்கிற இடம். வாசல் ஒரு மாடி உயரத்துல இருக்கு. நடுவுல ஒரு குறுக்குச்சுவர் கோபுரத்தை ரெண்டாப் பிரிக்குது. இந்தக் குறுக்குச்சுவரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு. அந்தச் சுவருக்குள்ளயே கிணறு. கிணத்துக் குழாய் மேல வரைக்கும் ஏறுது, ஒவ்வொரு மாடியிலயும் ஒரு திறப்பு. எந்த மாடியில நின்னாலும் வாளியை விட்டுத் தண்ணி எடுத்துக்கலாம். முற்றுகையில ஆளைக் கொல்றது முதல்ல தாகம்னு தெரிஞ்சவங்க கட்டினது இது.

சுழல் படிக்கட்டு பத்தி ஒரு கதை கேள்விப்பட்டிருப்பீங்க. கடிகாரத் திசையில சுத்தினா மேல நிக்கிறவனுக்கு வாள் வீச வசதி, கீழிருந்து வர்றவனுக்குச் சுவர் இடிக்கும்னு. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஆனா எதிர்ப்பக்கம் சுத்துற படிக்கட்டுகளும் ஏகப்பட்ட கோட்டைகள்ல இருக்கு, வாள் கதை பரவினதே 20-ம் நூற்றாண்டுலதான். கொதிக்கிற எண்ணெயை ஊத்துறதும் சினிமாவுலதான் அதிகம். எண்ணெய் விலை உசத்தி. கல்லும் வெந்நீரும் சும்மா கிடைக்கும்.

சரி, பன்றிக்கு வருவோம்.

1215 ஜூன்ல ஜான் மன்னரை மடக்கி, மன்னரோட அதிகாரத்துக்குக் கடிவாளம் போடுற மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைக்கச் சொன்னாங்க பிரபுக்கள். ரெண்டே மாசத்துல போப்பாண்டவர் அது செல்லாதுன்னுட்டார். உள்நாட்டுப் போர் மூண்டுச்சு. வில்லியம் டி ஆபினி தலைமையில பிரபுக்களோட படை ஒண்ணு ரோச்செஸ்டர் கோட்டைக்குள்ள புகுந்து கதவைச் சாத்திக்கிச்சு. அக்டோபர்ல ஜான் நேரா வந்து கூடாரம் போட்டார்.

கல்லெறியும் பொறிகள் ராப்பகலா வேலை செஞ்சுது. 12 அடிச் சுவர் அதுக்கெல்லாம் அசையல. கேன்டர்பரி ஊருக்கு ஏற்கனவே ஒரு உத்தரவு போயிருந்தது: இரவு பகல் பார்க்காம கடப்பாறை, கொந்தாலி எத்தனை செய்ய முடியுமோ அத்தனையும் செஞ்சு அனுப்புங்க. மன்னர் மேல அடிக்கிறதை நம்பல, கீழ தோண்டப் போறார்.

[காட்சி: சுரங்க அனிமேஷன்.]

எப்படின்னா, கோபுரத்தோட தென்கிழக்கு மூலைக்கு அடியில குடையணும். அஸ்திவாரக் கல்லை எடுக்க எடுக்க, அந்த இடத்துல மரத்தை முட்டுக் கொடுத்துக்கிட்டே போகணும். இல்லன்னா தோண்டுறவன் தலையிலயே விழும். கடைசியில ஒரு மூலையோட பாரம் முழுக்க மரத் தூண்கள் மேல நிக்கும். அப்புறம் உள்ள சுள்ளியை அடைச்சுத் தீ வைக்கணும். முட்டு எரிஞ்சா கோபுரத்தை யாரும் இடிக்கவே வேண்டாம், அதோட சொந்தக் கனமே அதை இறக்கிடும்.

ஆனா சுரங்கத்துல காத்து கம்மி, தூண்கள் தடி தடியா இருக்கும். தீ நின்னு எரியணும், அதுக்குக் கொழுப்பு வேணும். நவம்பர் 25, ஜான் தன்னோட தலைமை அதிகாரி ஹூபர்ட் டி பர்குக்கு எழுதின உத்தரவு இன்னைக்கும் இருக்கு. சாரம் இதுதான்: சாப்பாட்டுக்கு லாயக்கில்லாத, நல்லா கொழுத்த பன்றி நாப்பதை இரவு பகலா விரட்டி அனுப்பு, கோபுரத்துக்கு அடியில தீ வைக்கணும்.

சாப்பாட்டுக்கு லாயக்கில்லாததுன்னு தனியா எழுதியிருக்கார் பாருங்க. போர்னாலும் நல்ல கறியை வீணாக்க மனசு வரல.

மூலை விழுந்துச்சு. அப்பவும் உள்ள இருந்தவங்க கையைத் தூக்கல. நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன குறுக்குச்சுவர் இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம் ஓடி, பாதிக் கோபுரத்துல இருந்துக்கிட்டே சண்டையைத் தொடர்ந்தாங்க. குதிரைகளை அறுத்துத் தின்னாங்க. நவம்பர் 30-ல பசிதான் அவங்களை வெளிய கொண்டுவந்துச்சு. எல்லாரையும் தூக்குல போடணும்னு குதிச்ச ஜானைப் பக்கத்துல இருந்தவங்க தடுத்தாங்க: இன்னைக்கு நீங்க தொங்கவிட்டா, நாளைக்கு நம்ம ஆள் மாட்டும்போது அவங்க தொங்கவிடுவாங்க.

பார்ன்வெல் குறிப்புன்னு அந்தக் காலத்து வரலாற்றுப் பதிவு ஒண்ணு, இதுக்கப்புறம் கோட்டைகளை நம்பினவங்க கொஞ்சம்தான்னு சொல்லுது.

அடுத்த வருஷமே ஜான் செத்துட்டார். அவர் மகன் மூணாம் ஹென்றி காலத்துல அந்த மூலையைத் திரும்பக் கட்டினாங்க, இந்தத் தடவை உருண்டையா. ஏன்? சதுர மூலையில ஒரு கல்லை ரெண்டு பக்கத்துல இருந்தும் நெம்பலாம். ஒண்ணு கழண்டா அடுத்தது லேசு. போதாக்குறைக்கு மூலையோட காலடியில ஒருத்தன் ஒட்டி உட்கார்ந்து தோண்டினா, மேல இருக்கிற வில்லாளிக்கு அவன் கண்ணுல படவே மாட்டான். உருண்டைக்கு நெம்ப மூலை இல்ல, ஒளிய இடமும் குறைவு. பிரான்ஸ்ல இரண்டாம் பிலிப் இதை முன்னாடியே பிடிச்சுக்கிட்டார். பாரிஸ்ல லூவ்ரு மியூசியத்துக்கு அடியில இறங்கினா அவர் கட்டின உருண்டைக் கோபுரத்தோட அடிப்பாகத்தை இப்பவும் பார்க்கலாம்.

[காட்சி: வேல்ஸ் கடற்கரை. கான்வி கோட்டை.]

இதோட உச்சம் வேல்ஸ்ல. ஜானோட பேரன் முதலாம் எட்வர்டு, 1282-க்கு அப்புறம் வேல்ஸை அடக்கி வைக்கக் கடலோரமா வரிசையா கோட்டை எழுப்பினார். கட்டினவர் ஆல்ப்ஸ் பக்கத்துச் சவாய் நாட்டுக் கொத்தனார், மாஸ்டர் ஜேம்ஸ். கான்வி கோட்டையில எட்டு உருண்டைக் கோபுரம். நடுவுல பெரிய கோபுரமே இல்ல. கடைசியில ஓடி ஒளிய ஒரு இடம்ங்கிற யோசனையையே விட்டுட்டாங்க, மதில் முழுக்கச் சண்டை போடும். கோபுரத்தைச் சுத்திச் சாய்வா ஏறுற ஓட்டை வரிசை தெரியுதா? சாரம் கட்டின ஓட்டைகள். கல்லை அந்தச் சாய்வுலயே மேல இழுத்துட்டுப் போயிருக்காங்க. அப்புறம், இந்தச் சாம்பல் நிறத்தை நம்பாதீங்க. கட்டி முடிச்சப்போ சுண்ணாம்பு அடிச்சு, வெள்ளை வெளேர்னு நின்ன கோட்டை இது.

பீரங்கி வந்ததும் இந்த உயரமெல்லாம் குண்டுக்குக் குறியாகிடுச்சு. யாழ்ப்பாணக் கோட்டை தாழ்வா, ஐங்கோணமா இருக்கிறதுக்குக் காரணம் அங்கதான் இருக்கு. அது தனி வீடியோ.

திரும்ப வேல்ஸுக்கு வருவோம். அங்க 1295-ல ஜேம்ஸ் தொடங்கின இன்னொரு கோட்டை போமாரிஸ். சதுப்பு நிலம், மேடு பள்ளம் எதுவும் குறுக்க வரல, அதனால காகிதத்துல வரைஞ்ச மாதிரியே கட்டலாம். சுத்தி அகழி. வெளி மதில் தாழ்வு, உள் மதில் உசரம். உள்ள நிக்கிறவன் வெளி மதில்ல நிக்கிறவன் தலைக்கு மேலயே அம்பு விடலாம். வெளி மதிலைப் பிடிச்சவன் ரெண்டு சுவருக்கு நடுவுல மாட்டிக்குவான். அந்தக் காலத்துக் கோட்டைகள்ல இதைவிடக் கச்சிதமான வரைபடம் இருக்கிறதா எனக்குத் தெரியல.

[காட்சி: போமாரிஸ், மேலிருந்து. உச்சி இல்லாத கோபுரங்கள்.]

ஆனா கோபுரங்களைப் பாருங்க, எல்லாம் பாதியில நிக்குது. எதிரி இடிக்கல. 1296 பிப்ரவரியில ஜேம்ஸ் லண்டனுக்கு எழுதின கடிதத்துல கணக்குச் சொல்றார்: 400 கல்தச்சர், 2,000 சித்தாள், குவாரியில 200 பேர், 30 கொல்லர், கல்லும் கரியும் சுமக்க 30 படகு. கூலி பாக்கி ஏறிக்கிட்டே போகுது, சாப்பாட்டுக்கே வழியில்லாத ஆட்களை எப்படி நிறுத்தி வைக்கிறதுன்னு புலம்புறார். எட்வர்டோட காசு அதுக்குள்ள ஸ்காட்லாந்து போருக்குத் திரும்பிக்கிட்டு இருந்துச்சு. கடிதத்தை முடிச்ச பிறகு மனசு கேக்காம கீழ இன்னொரு வரி சேர்த்திருக்கார்: கடவுள் பேரால கேக்கிறேன், பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்க, இல்லன்னா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்.