அப்பன் ரத்தம்

எல்லாருக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிற ஒரு அம்மாவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சிறையில் மகனைப் பார்க்க மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். மடியில் சித்ரான்னம் டப்பா. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் கொண்டு வந்திருந்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. கூட்டாளியையே குத்திக் கொன்றுவிட்டான். "அவங்க அப்பன் ரத்தம் சார், நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

இதே பேச்சை அறிவியலும் பேசுகிறது என்று பலர் நினைக்கிறோம். எம்ஏஓஏ என்று ஒரு மரபணு. மூளையில் செய்தி கடத்தும் சில வேதிப்பொருட்களைச் சிதைக்கிற நொதியை உண்டாக்குவது. அதைப் 'போர்வீர மரபணு' என்றே எழுதினார்கள். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73ல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2002ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மரபணு மந்தமாக வேலை செய்யும் வகை அங்கே ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. அத்தனை பேருமா கத்தி எடுத்தார்கள்? இல்லை. அந்த வகையும் இருந்து, சின்ன வயதில் கொடுமையும் அனுபவித்தவர்கள் 12 சதவீதம்தான். வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் பேரில். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரத்தத்தில் குற்றம் தேடுவது நமக்குப் பழைய காயம். 1871ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், சில சாதிகளில் பிறந்த குழந்தையையே குற்றவாளி ஆக்கியது. அதன் வழிவந்த சட்டத்துக்காகக் கைரேகை வைக்க மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். இன்று மரபணு பெயரில் அந்தக் கதவை மறுபடி திறந்தால், முதலில் யார் வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை நடக்கும்?

அதற்காக அந்தப் பையன் மேல் பொறுப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சண்டை போட்ட இடத்திலிருந்து வீட்டுக்குப் போய், கத்தி எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். பத்து நிமிஷ நடை. அதற்குள் அவனால் மனசு மாறியிருக்க முடியும் என்றுதான் நம்புகிறேன். செத்த பையனின் அம்மா முன்னால் நின்று வேறு எதைச் சொல்வது? சட்டமும் அப்படித்தான். செய்வது இன்னதென்றோ, அது தப்பு என்றோ தெரியாத அளவுக்குப் புத்தி பேதலித்தவனுக்குத்தான் விலக்கு.

ஆனால் தண்டனை எவ்வளவு என்பது வேறு கேள்வி. மரண தண்டனை கேட்கிற வழக்குகளில் குற்றவாளியின் குடும்பம், வளர்ப்பு, அவன் பட்ட கொடுமை எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்கிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

நான் கேட்டேன். குடித்துவிட்டு வந்தால் அப்பன் பெல்ட்டைக் கழற்றுவானாம், பையனுக்கு ஆறு வயதிலிருந்தே. யாருக்குமே தெரியாதா என்றேன். "பக்கத்து வீட்டுக்கெல்லாம் சத்தம் கேக்கும் சார். டீச்சர்கூட ஒரு நாள் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாங்க" என்றார்.