மின்சிகரெட்டும் நோயுற்ற இதயமும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இதய நோயாளியிடம் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "புகை பிடிப்பீர்களா?" என்பது. "விட்டுவிட்டேன், டாக்டர்" என்கிறார் நோயாளி. அவர் சொல்வது பொய்யன்று. சிகரெட்டை அவர் உண்மையாகவே விட்டிருக்கிறார். ஆனால் அவருடைய சட்டைப்பையில் பேனா அளவில் ஒரு மின்சிகரெட் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மருத்துவக் குறிப்பில் 'புகைப்பழக்கம் இல்லை' என்று பதிவாகிவிடுகிறது. அந்தக் குறிப்பில் விடுபட்டுப்போகும் நிகோட்டினைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மின்சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள், நிகோட்டின் ஆகியவை கலந்த திரவத்தை, மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள் நுண்துளிகளாக மாற்றுகிறது. அந்த வெண்மேகத்தை வெறும் நீராவி என்று நம்புவோர் பலர். அந்த நம்பிக்கை தவறானது. திரவம் சூடாகும்போது ஒரு பகுதி சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் சிறிதளவு கலக்கின்றன. இவற்றால் நுரையீரலுக்கு விளையும் கேட்டைத் தனியே ஒரு நாள் பேச வேண்டும். இன்று இதயத்தோடு நிற்கிறேன்.

நிகோட்டின் ரத்தத்தில் கலந்த சில நிமிடங்களுக்குள் நரம்புமண்டலமும் அட்ரீனல் சுரப்பிகளும் தூண்டப்பட்டு, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சுரக்கின்றன. நாடித்துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. நல்ல நிலையிலுள்ள இதயம் இதைத் தாங்கிக்கொள்ளக்கூடும். அடைப்பு உள்ள இதயத்தின் நிலை வேறு. உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் இதயத் தசை, தனக்கு வேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதியை ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே விரிந்து ஓய்வெடுக்கும் வேளையில்தான் பெறுகிறது. துடிப்பு வேகமாகும்போது முதலில் குறுகுவது அந்த ஓய்வுவேளையே. ஆகவே, வேலை கூடி ஆக்ஸிஜன் தேவை உயர்ந்திருக்கும் அதே நேரத்தில், இதயத்துக்கு ரத்தம் வந்து சேரும் அவகாசம் குறைகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து ஒடுங்கிய தமனி மேலும் இறுகினால் நெஞ்சுவலி வருவதில் வியப்பில்லை. துடிப்பைக் குறைத்து இதயத்துக்கு ஓய்வு தருவதற்காகத்தான் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளைக் கொடுக்கிறோம். காலையில் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு நாள் முழுவதும் மின்சிகரெட்டை இழுப்பவர், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்கிறார்.

ரத்தக்குழாய்களின் உட்சுவர் இன்னொரு கவலை. தேவைக்கேற்பக் குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை அந்த மெல்லிய சுவரே உற்பத்தி செய்கிறது. மின்சிகரெட்டை இழுத்தபின் அந்த விரிவுத்திறன் தற்காலிகமாகக் குறைவதையும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் போக்கு கூடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அடைத்த தமனியைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்டைப் பொருத்திக்கொண்டவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்; ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கத்தானே அவர்கள் நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்! துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களுக்கு அட்ரினலினே ஒரு தூண்டுகோல்; இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, சுருங்கிய குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளுவது கூடுதல் சுமை.

சிகரெட் எரிந்து முடிந்துவிடும். மின்சிகரெட்டுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. படுக்கையிலும் மேசையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், எத்தனை முறை இழுத்தோம் என்ற கணக்கே இருப்பதில்லை. ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள திரவம் 2 மில்லிலிட்டர் அடைத்த கருவியில் இருப்பது 40 மில்லிகிராம். சிகரெட் பிடிப்பவர் ஒரு சிகரெட்டிலிருந்து பெறுவது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம்தான். நிகோட்டினோடு அமிலம் சேர்த்து உண்டாக்கிய 'நிகோட்டின் உப்பு' கலந்த திரவங்கள் தொண்டையை அவ்வளவாக உறுத்துவதில்லை என்பதால், அளவு மிஞ்சுவதை உடல் முன்கூட்டி எச்சரிப்பதும் இல்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்சிகரெட்டால் மாரடைப்பு கூடுகிறது என்று கூறி 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. மாரடைப்பு வந்த பிறகே சிலர் மின்சிகரெட்டுக்கு மாறியிருக்கலாம் என்ற ஐயத்தை அது தீர்க்கவில்லை. பல்லாண்டு விளைவுகளை உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். முழுமையாகச் சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறியவர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு குறைவதும், ரத்தக்குழாய்களின் விரிவுத்திறன் சற்று மேம்படுவதும் உண்மையே. ஆனால் சிகரெட்டைவிடக் கேடு குறைந்தது என்பதைக் கேடற்றது என்று நோயாளி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைவிட ஆபத்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே பிடிப்பவருக்கும் இருக்கிறது. "இப்போது இரண்டு சிகரெட்தான், மீதிக்கு வேப்பிங், அதாவது மின்சிகரெட்" என்பவர், தம் இதயம் பெரும்பகுதி தப்பிவிட்டதாக எண்ணுவதற்கு இடமில்லை.

"நிகோட்டின்தான் பிரச்சினை என்றால், மருத்துவர்களே நிகோட்டின் பட்டையைப் பரிந்துரைக்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோலில் ஒட்டும் பட்டை நிகோட்டினை மெதுவாக, சீராகத் தருகிறது. மூச்சில் இழுக்கும்போது வரும் திடீர் ஏற்றம் அதில் இல்லை, சூடான நச்சுத்துளிகளும் இல்லை. வாரங்கள் செல்லச் செல்ல அளவைக் குறைத்து, ஒரு நாள் நிறுத்திவிடுகிறோம். மின்சிகரெட்டில் அந்த நிறுத்தம் எளிதில் வருவதில்லை: 2019-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், மின்சிகரெட்டின் உதவியால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் மின்சிகரெட்டைத் தொடர்ந்தனர், பட்டை போன்றவற்றைக் கொண்டு விட்டவர்களில் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். புகைப்பழக்கத்தை விட உதவும் வேரெனிக்ளின் போன்ற மாத்திரைகளும் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை, அவரவர் இதயத்தின் நிலையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு அவரிடம் முழு விவரமும் போய்ச் சேர வேண்டும். அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், மின்சிகரெட் பயன்படுத்துவதை நீங்களே சொல்லுங்கள். திரவத்தின் நிகோட்டின் அளவு அட்டையில் இருந்தால் அதையும் காட்டுங்கள். இழுத்தபின் நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். அங்கேயும் இதை மறைக்காதீர்கள்.