மகனாக நடித்த அம்மா

நேயர்களுக்கு என் வணக்கம்.

வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பகுதிகளில் பெற்றோருக்கான பயிலரங்குகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர், “எம் பையனுக்கு நாலு நல்ல புத்தி சொல்லுங்க” என்றுதான் தொடங்குவார்கள். பயிலரங்கு பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு என்றதும், தங்கள் வளர்ப்பையே குறை சொல்வதாக எண்ணி முகம் வாடிவிடுகிறார்கள். உண்மையில், நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவருக்கு இதமாகக் கேட்கவும் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு தாயார் வந்திருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் இரவில் தூங்குவதில்லை, காலையில் எழுவதில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான் என்றார். அவரை மகனாகப் பாவித்து ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் வீட்டில் வழக்கமாகப் பேசும் சொற்களையே இன்னொரு பெண்மணியைப் பேசச் சொன்னேன். “எத்தினி மார்க்கு? போனு எங்க? பக்கத்து வூட்டுப் பையனப் பாரு!” மூன்றாவது வாக்கியத்துக்குள் அந்தத் தாயாரின் தலை குனிந்துவிட்டது, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “பதில் சொல்ல வாயே வரல மேடம்” என்றார்.

பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் தேவை. நள்ளிரவு கடந்ததும் ஏலத்துக்குக் கிளம்பும் தாய்க்கு, அந்நேரம் விழித்திருக்கும் மகன் திமிர் பிடித்தவனாகத் தெரிவது இயல்பே. ஆனால் அதில் ஒரு பங்கு உடலின் வேலை.

பிள்ளை வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம் மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பினேன். மறுபடியும் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம். அடுத்த மாதம் அவரே வந்து சொன்னார்: ஒரு மாலை மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகன் தானாகவே வாய் திறந்து, கரும்பலகை எழுத்து தெரியவில்லை, கண்ணாடி போட்டால் ‘சோடாபுட்டி’ என்பார்கள் என்று ஓராண்டாக மறைத்ததைச் சொல்லியிருக்கிறான். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வராத பேச்சு, கை வேலையாக இருக்கும்போது பக்கத்தில் நின்றால் வருகிறது. இதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கைபேசி பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் இடம் தரவில்லை. பிடுங்காதீர்கள், இரவில் அப்பாவுடைய போன் உட்பட எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். பிள்ளை இரண்டு வாரங்களாக உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே, அப்போதே உதவி கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். யாரேனும் பிள்ளையைத் துன்புறுத்தினால் 1098. எழுதிக்கொள்ளுங்கள்: 14416, 1098. நன்றி, வணக்கம்.