முதலில் அளவு, அப்புறம் நிறம்

நேயர்களுக்கு வணக்கம். கூடத்துச் சுவருக்கு நவீன ஓவியத்தின் பிரதி ஒன்று வாங்கப் போனால், சோபா உறைக்கு நிறம் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கத் தோன்றும். அதற்கு முன்னால் மூல ஓவியத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ எல்லாரும் பார்த்ததுதான். வியன்னாவில் பெல்வெடெரே அரண்மனையில் இருக்கிறது. 180-க்கு 180 சென்டிமீட்டர், சரியான சதுரம். கடையில் பல நேரம் ஒல்லியாக, உயரமாகத் தொங்கும். இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! வெட்டுப்பட்டது சும்மா கிடந்த இடமா? பூந்தரை சட்டென்று முடிகிற விளிம்பில் அந்தப் பெண் மண்டியிட்டிருக்கிறாள். விளிம்புக்கு அப்பால் வெறும் பொன்வெளி. அது இல்லாவிட்டால் விளிம்பு ஏது? தங்க ரேக்கு அச்சில் கடுகு மஞ்சளாகிவிடும் என்பது வேறு சங்கடம்.

அதனால் என் ஓட்டு, வெட்டாமல் அசல் அளவிலேயே மாட்டக்கூடிய சின்ன ஓவியத்துக்கு. ஓவியர் பவுல் கிளேயின் ‘செனெசியோ’, 1922, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருப்பது. ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் கட்டங்களால் ஆன வட்ட முகம். உயரம் 40.5 சென்டிமீட்டர், அகலம் 38. சதுரம் போலத் தெரியும், சதுரமில்லை. மறுபடி சொல்கிறேன், சதுரமில்லை! சதுரச் சட்டத்துக்காக இழுத்தால் முகம் அகன்றுவிடும். 60 சென்டிமீட்டர் உயரப் பிரதி என்றால் அகலம் 56 இருக்க வேண்டும். அசல் அளவிலேயே அச்சடிப்பதானால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் உயரத்துக்குச் சுமார் 4,800 புள்ளி உள்ள கோப்பு வேண்டும்.

சட்டம் போடுகிற இடத்தில்தான் பாதி கெடுகிறது. தாளின் நான்கு ஓரத்தையும் பின்னட்டையில் ஒட்டக் கூடாது. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து விரியும். விரிய இடமில்லாவிட்டால் அலையலையாகப் புடைக்கும். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் அமிலமில்லாத டேப். கண்ணாடி தாளைத் தொடவே கூடாது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மையும் கையோடு வரும். அதற்குத்தான் நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டைக் கரை; அழகு அப்புறம். ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம் போதும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மாட்டுவது பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாக: படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். வெயில் விழும் சுவர் வேண்டாம். பின்பக்கம் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோட வேண்டும். வணக்கம்.