கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கோடை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற கோடை விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஓர் அருவியைப் பார்த்துவரக் குடும்பத்தோடு கிளம்பினோம். நான், என் கணவர், எட்டு வயது மகள், ஒரு வயது நான்கு மாதம் ஆகியிருந்த மகன், கூடவே என் மாமியார். வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து அருவிக்கு ஒன்றரை கிலோமீட்டர். மரங்களுக்கு நடுவே போகும் மண்பாதை. பெரியவர்கள் நடந்தால் அரைமணி நேரம் போதும். சின்னவன் இருக்கிறானே என்று ஒரு மணி நேரம் கணக்குப் போட்டிருந்தோம்.

ஐம்பதடிகூடப் போயிருக்க மாட்டோம். அவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். பாதையின் குறுக்கே எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஏழெட்டு எறும்புகள் சேர்ந்து ஏதோ பூச்சியின் ஒற்றை இறகைச் செங்குத்தாகத் தூக்கிச் சென்றன. காற்று வீசும்போதெல்லாம் இறகு பாய்மரம்போலச் சாயும். எறும்புகள் இழுபட்டுப் போகும். பிறகு மெல்ல நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் நடக்கும். அவன் மூக்கு தரையில் படாத குறையாகக் குனிந்து பார்த்தான். தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான். இறக்கிவிட்டால் அழுகை நின்றது.

"பாட்டி, அருவிக்கு எப்போது போவோம்?" என்று மகள் கேட்டாள். "இவன் பார்த்து முடிக்கட்டும், கண்ணு. அருவி எங்கே போய்விடப்போகிறது?" என்று சொல்லிவிட்டு, என் மாமியார் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். எறும்புகள் ஒரு வேரடியில் மறைந்தன. அதன் பிறகு அவன் ஒரு குச்சியை எடுத்தான், போட்டான், திரும்ப வந்து எடுத்தான். வந்த வழியே பத்தடி ஓடினான். விழுந்தான், எழுந்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வண்டி நிறுத்துமிடம் எங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியதும் கணவர் திரும்பலாம் என்றார். திரும்பினோம். வீடு வரும்வரை மகள் பேசவில்லை.

அன்று எனக்கும் வருத்தம்தான். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இனி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வெளியே போகும் பேச்சே கிடையாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

குழந்தைகள் நடை பழகுவதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் உளவியல் அறிஞர் கேரன் அடால்ஃப், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினரோடு செய்த ஆய்வு ஒன்றை 2012ஆம் ஆண்டு வெளியிட்டார். 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகளைத் தம் விருப்பப்படி விளையாட விட்டு, அவர்கள் வைக்கும் அடிகளை எண்ணியிருக்கிறார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள். 17 தடவை விழுதல். தூரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 700 மீட்டர்.

அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி தெரிந்தது. என் மகன் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அருவிக்குப் போகும் தூரத்தில் பாதியை அவன் அன்றே நடந்து முடித்திருப்பான். அந்த நடை அருவியின் திசையில் இல்லை, அவ்வளவுதான். குச்சியிடம் போனான், வேரிடம் போனான், பாட்டியின் மடிக்கு வந்தான், மறுபடியும் குச்சியிடம் போனான். நாங்கள் ஓர் இடத்துக்குப் போய்ச்சேர நடந்தோம். அவனுக்கு நடப்பதே வேலையாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் மட்டுமே முடிவு செய்வோம். நடுவே இருக்கும் நேரம் அவனுடையது. எங்களுக்கு ஒரே ஒரு விதி: யாராவது ஒரு பெரியவர் எப்போதும் அவனிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடையில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சின்னக் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு நம்முடையதைவிட அதிகம். வெளியே உடல் சூட்டைவிடக் கடுமையான வெப்பம் இருந்தால், அது வேகமாக உள்ளே ஏறும். வியர்த்துக் குளிரும் திறனும் நம்மைவிடக் குறைவு. எல்லாவற்றையும்விட, தாகமாக இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. விளையாட்டு மும்முரத்தில் தாகம் நினைவுக்கும் வராது. ஆகவே கேட்கும்வரை காத்திருக்காமல் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர் கொடுத்துவிடுவோம். சிறுநீர் குறைந்து டயப்பர் வெகுநேரம் உலர்ந்தே இருந்தால், உதடு காய்ந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், குழந்தை துவண்டு போனால், அதற்கு மேல் அங்கே ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் அவை.

வெயிலின் கடுமையை அறியக் கருவி எதுவும் வேண்டாம். நிழல் போதும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும் காலையும் மாலையும் வெளியே போங்கள். நிழல் காலடியில் சுருங்கிவிட்டால் வீட்டுக்கோ மரத்தடிக்கோ திரும்புங்கள். வானிலை அறிவிப்பில் புறஊதாக் கதிர்க் குறியீடு என்று ஓர் எண் சொல்வார்கள். அது மூன்றைத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. பிடரியையும் காதையும் மறைக்கும் தொப்பி, கை கால்களை மூடும் மெல்லிய தளர்ந்த உடை, மூடாத இடங்களில் சன்ஸ்கிரீன். அதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பூச்சைவிட நிழலே பாதுகாப்பு. நேரடி வெயிலில் கொண்டுபோகவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஒருநாள் பூங்காவில் அவன் தள்ளுவண்டியிலேயே தூங்கிப்போனான். முகத்தில் வெயில் படுகிறதே என்று ஒரு மெல்லிய பருத்தித் துணியை வண்டியின் மேல் போர்த்திவிட்டேன். அன்பாகச் செய்த காரியம். பத்து நிமிடம் கழித்துத் துணிக்கு அடியில் கையை விட்டேன். அடுப்பங்கரையில் பானையின் மூடியைத் திறந்ததுபோல் சூடு கையில் அடித்தது. அவன் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, கன்னம் சிவந்திருந்தது. துணியை வீசிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். ஈரத்துணியால் துடைத்ததும் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்பதுபோல் கையை நீட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. துணி வெயிலை மறைக்கும்; கூடவே காற்றையும் அடைத்துவிடும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். போர்த்தாதீர்கள்.

நிறுத்திய காருக்குள் குழந்தையைத் தனியே விடக் கூடாது என்பதைப் பலரும் அறிந்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. பூங்காவில் உலோகச் சறுக்குமரம் இருந்தால், குழந்தையை ஏற்றும் முன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள். உங்களால் சில விநாடிகள் தாங்க முடியவில்லை என்றால் அந்தத் தோலுக்கு அது நெருப்பு.

இனி தண்ணீர். கோடை என்றாலே குழந்தையைத் தண்ணீரிடம் கூட்டிப்போகாமல் இருக்க முடியாது. எங்கள் கோடையின் மிக இனிய காலைப்பொழுதுகளும் ஏரிக்கரையில்தான் கழிந்தன. மிக அச்சமான ஒரு கணமும் அங்கேதான்.

அவனுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர். உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். மிதந்துவந்த ஓர் இலையைப் பிடிக்கக் கையை நீட்டி முன்னால் சாய்ந்தான். முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. கூச்சல் இல்லை. கையடித்தல் இல்லை. தலையின் பின்புறம் மட்டும் தெரிந்தது. எட்டித் தூக்கியபோது இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. மூக்கில் நீர் வழிய என்னைத் திகைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் அழுதான்.

பிறக்கும்போது குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு அளவு. ஒன்றரை வயதிலும் பாரம் மேலேதான் இருக்கிறது. குப்புறச் சாய்ந்தால் தலையை நிமிர்த்தும் வலு கழுத்துக்கும் கைக்கும் போதாது. சில சென்டிமீட்டர் ஆழமே ஆபத்தாவது இதனால்தான். நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளிடம்தான் மிக அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மூழ்கும் குழந்தை கத்தும், கேட்டு ஓடிவரலாம் என்று நம்பிவிடாதீர்கள். சத்தமே வராது. காற்றடைத்த கைவளையமும் மிதவைப் பொம்மையும் விளையாட்டுச் சாமான்கள். அவற்றைக் காவலுக்கு வைக்க முடியாது.

அன்று மாலை கணவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். இத்தனை பேர் சுற்றி இருக்கும்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறோம். அதனால் மகளின் சிவப்பு ரிப்பன் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ரிப்பன் யார் மணிக்கட்டில் இருக்கிறதோ அவர்தான் காவல். அவர் செல்பேசியைத் தொடக் கூடாது, புகைப்படம் எடுக்கக் கூடாது, தண்ணீரில் அவனைவிட்டு ஒரு கை தூரத்துக்கு மேல் விலகக் கூடாது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை ரிப்பன் கை மாறும். பெரியவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லியிருந்தோம். அதைக் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் மகள் தன்னுடைய பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். நேரம் பார்த்து, "அப்பா, உங்கள் முறை முடிந்தது" என்று அவள் சொல்லும் தோரணையைப் பார்க்க வேண்டும்.

தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்குப் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகல் தூக்கத்துக்கு முன்பே திரும்பிவிடும்படி புறப்படுவதுதான் எங்கள் வழக்கம். திராட்சைபோல் உருண்டையான பழங்களை நீளவாக்கில் நான்காக அரிந்து கொடுங்கள். உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடும்போது வாயில் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால் வெளியே போகவே யாருக்காவது தயக்கம் வந்திருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதுமாகச் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும், தள்ளுவண்டியிலோ இருக்கையிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு வழிகாட்டியது. நான்கு சுவருக்குள் அந்த மூன்று மணி நேரத்தை எப்படி நிரப்புவது? வெளியே விட்டால் அதுவாகவே நிரம்பிவிடுகிறது.

அதோடு, பக்கத்திலேயே இருப்பது காவலுக்கு மட்டும் உதவவில்லை. ஒருநாள் மரத்தடியில் இலைகளின் ஊடாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. அவன் அதில் ஒன்றை எடுக்கப் பார்த்தான். விரல்களைக் குவித்துக்கொண்டு போனான்; வெளிச்சம் அவன் கையின் மேல் ஏறிக்கொண்டது. கையை விலக்கினான், மறுபடி மண்ணில் கிடந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், விரலிடுக்கில் தேடினான். அந்த நேரம் காற்று அசைத்ததில் எல்லாக் காசுகளும் ஒரே சமயத்தில் இடம் மாறின. அவன் வாய்விட்டுச் சிரித்தான். ரிப்பன் அன்று என் கையில் இருந்தது. பத்தடி தள்ளிப் பாயில் உட்கார்ந்திருந்தால் குழந்தை மண்ணை அளைகிறது என்றுதான் நினைத்திருப்பேன்.

மகளும் மாறினாள். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், பிறகு தம்பிக்கு முன்னால் ஓடிப்போய் அவனுக்கு ஏதாவது தேடி வைப்பாள்: நத்தை ஊர்ந்த தடம், ஓட்டையிட்ட இலை, பாதி பிரிந்த சிலந்தி வலை. அவனுக்காகத் தேடப்போய் அவளுக்கே பார்வை கூர்மையாகிவிட்டது.

விடுமுறையின் கடைசி வாரத்தில் அதே மண்பாதைக்கு மறுபடியும் போனோம். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். நிழல்கள் நீண்டு கிடந்தன. எறும்புகள் இருந்த இடத்தில் அவன் நின்றான். அன்று ஒன்றும் இல்லை. மேலே நடந்தான். பாதையில் பாதி தூரத்தில் ஓடையின் குறுக்கே ஒரு சிறு மரப்பாலம் உண்டு. அதுவரை தன் காலால் வந்தான். அங்கிருந்து அருவியின் இரைச்சல் கேட்கும். தண்ணீர் தெரியாது, ஓசை மட்டும். அவன் சட்டென்று நின்று ஆள்காட்டி விரலை உயர்த்தி, எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கேட்கிறது என்று ஒவ்வொருவரும் தலையசைத்தோம்.

"இன்னும் பாதிதான், போய்விடலாம்" என்றார் என் கணவர். அதற்குள் அவன் பாலத்தின் பலகை இடுக்கு வழியே கீழே ஓடும் நீரைக் கண்டுபிடித்துக் குந்திவிட்டான். மகள் கடிகாரத்தைப் பார்த்து ரிப்பனை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினாள். அவன் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் குந்தினேன். இடுக்கில் ஓர் இலை வந்தது, போனது. இன்னொன்று வரும் என்று இருவரும் காத்திருந்தோம்.

நன்றி, வணக்கம்.