நிலநடுக்கத்துக்கு வைத்த கருவியில் நீராவிக் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

ஜப்பானில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு ஒன்றாக 1,300 ஜிபிஎஸ் நிலையங்கள் இருக்கின்றன. ஐந்து மீட்டர்த் தூண், உச்சியில் ஆன்டெனா. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு வேகமாக விரிந்த வலையமைப்பு இது. நிலம் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

அந்த வேலைக்குப் பெரிய தொல்லை காற்று. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல், காற்றுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் சுணங்குகிறது. தலைக்கு நேர் மேலிருந்து வந்தாலும், கடல் மட்டத்தில் பாதை சுமார் 2.4 மீட்டர் நீண்டதுபோலக் காட்டும். இதில் 2.3 மீட்டர் உலர்காற்றின் பங்கு. தரையில் காற்றழுத்தத்தை அளந்தால் அதைக் கழித்துவிடலாம். காற்றின் மேலடுக்கில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் சேட்டையை, இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு நீக்கலாம். இத்தனையும் கழித்த பிறகு எஞ்சுவது நீராவியின் பங்கு. வறண்ட குளிர்காலத்தில் சில சென்டிமீட்டர். புழுங்கும் கோடையில் முப்பதைத் தாண்டும்.

நில அளவையாளர்கள் பிழை என்று ஒதுக்கிய இந்த மிச்சம் வானிலையாளர்களுக்குப் பயன்படும் என்று 1992-ல் மைக்கேல் பெவிஸ் குழுவினர் எழுதினார்கள். ஆறரை மில்லிமீட்டர் தாமதம் என்றால், தலைக்கு மேலே சுமார் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாக நிற்கிறது என்று பொருள்.

நீராவியை அளக்கும் வானிலை பலூன் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறைதான் மேலே போகும். ஜிபிஎஸ்ஸுக்கு இரவும் மேகமும் மழையும் ஒன்றுதான். 2009 முதல் ஜப்பான் வானிலை முகமை இந்த அளவுகளைத் தன் முன்கணிப்பு மாதிரியில் சேர்க்கிறது. ஆனால், மொத்த நீராவி தெரியுமே தவிர, எந்த உயரத்தில் எவ்வளவு என்று தெரியாது. அதற்குத் தாழப் பறக்கும் செயற்கைக்கோள்கள் வேண்டும். தைவானும் அமெரிக்காவும் 2006-ல் ஆறு அனுப்பின. அந்தக் கதைக்கே தனிக்கூட்டம் போட வேண்டும்.

காலநிலைக்கு வருகிறேன். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைக் கொள்ளும். 30 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் இரண்டு கூடும், அவ்வளவுதான். இத்தனை சின்ன மாற்றத்தைப் பல்லாண்டுப் பதிவில் தேடுகிறோம். நடுவில் யாராவது ஆன்டெனாவை மாற்றினாலோ, பக்கத்து மரம் வளர்ந்தாலோ, பதிவில் ஒரு பொய்யான ஏற்றம் இறக்கம் விழும். புவி சூடாவதையும் புது ஆன்டெனாவையும் பதிவு பிரித்துக் காட்டாது.

இந்தியாவிலும் சர்வே ஆஃப் இந்தியா நில அளவைக்காக இத்தகைய நிலையங்களை நிறுவியிருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் இந்த அவையில் இருந்தால் ஒரு வேண்டுகோள்: ஒரு திருகை மாற்றினாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.