ஸ்னோ கொட்டும்போது இடி இடிக்குமா? மட்டக்களப்பு வானத்தில் இருக்கும் பதில்

[திரை கறுப்பு. ஒலி மட்டும்: காற்று, காலடியில் ஸ்னோ நெரிபடும் சத்தம், திடீரென்று ஒரு ‘தும்’.]

இதை இன்னொருக்கால் கேளுங்கள்.

[அதே ஒலி.]

பக்கத்து அறையில் யாரோ நெல்மூட்டையைப் போட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா? இது இடி. கனடாவில் பேரி என்ற ஊரில் இருக்கும் என் அக்கா ஃபோனில் பிடித்து அனுப்பியது. அங்கே இரவு ஒன்பது மணி. இங்கே கல்லடியில் எங்களுக்குக் காலை ஏழரை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஸ்னோ கொட்டுது. அதுக்குள்ள மின்னி இடிக்குது. இப்பிடியும் நடக்குமாடா?”

நடக்கும். அபூர்வம், ஆனாலும் நடக்கும். அது ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் கனடாவுக்குப் போகத் தேவையில்லை. நம் தலைக்கு மேலே பார்த்தால் போதும்.

[காட்சி: கல்லடிப் பாலத்திலிருந்து வாவி. மேற்கே கறுத்துக் கட்டும் முகில்.]

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இந்தக் காட்சி நமக்குப் பழக்கம். காலையில் வெயில் கொளுத்தும். “கிழக்கு மாகாணத்தில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை” என்று ரேடியோவில் சொல்வார்கள். பின்னேரம் மேற்கே கறுத்து வரும். அந்த முகிலின் உச்சி 15 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் போகும்.

சரி, இப்போது ஒரு கணக்கு. இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர். அதற்கு மேலே இன்னொரு பிதுருதலாகலையைத் தூக்கி வையுங்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வருகிறது. நம் ஊர் வானத்தில் அந்த உயரத்தில்தான் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடுகிறது. அதற்கு மேலே போகப் போக எல்லாம் உறைகுளிர். அதாவது அந்தக் கறுத்த முகிலின் மேற்பாதி முழுக்கப் பனிக்கட்டியும் ஸ்னோவும்தான். கீழே நாம் வியர்த்து வழிந்துகொண்டிருப்போம், மேலே பனிப்புயல் அடித்துக்கொண்டிருக்கும். இதை முதல் முறை படித்த அன்று நான் மொட்டைமாடிக்குப் போய் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மின்னல் பிறக்கிற இடமும் அதே பனிதான்.

[காட்சி: மீன் அடைக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றை உடைத்து, உதிரும் உருண்டைகளைக் கிட்டத்தில் காட்டுதல்.]

மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டி உடைந்தால் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் உதிரும். கையில் எடுத்தால் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. உரசலில் மின்னேற்றம் வந்துவிட்டது, அதனால்தான் ஒட்டுகிறது. முகிலுக்குள்ளும் பார்வைக்கு இதே மாதிரி உருண்டைகள் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் தண்ணீராகவே மிதக்கும் துளிகள், ஒரு பனிப்பளிங்கில் மோதியவுடன் சட்டென்று உறைந்து அதன்மேல் அப்பிக்கொள்ளும். அப்படி அப்பி அப்பித் திரண்டதுதான் அந்த மெத்தென்ற ஆலி உருண்டை. ஆலங்கட்டி போல இறுகியது இல்லை, விரலால் நசுக்கிவிடலாம்.

காற்று மேல்நோக்கி வேகமாக எழும்பும்போது சின்னப் பனிப்பளிங்குகள் இலேசு என்பதால் மேலே பறக்கும். ஆலி உருண்டைகள் பாரம், பின்தங்கும். இரண்டும் மோதும். கோடிக்கணக்கான மோதல்கள். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் மின்னேற்றம் கைமாறும். பளிங்குகள் பெரும்பாலும் நேர் ஏற்றத்தோடு உச்சிக்குப் போய்விடும், உருண்டைகள் எதிர் ஏற்றத்தோடு நடுவிலும் கீழேயும் தங்கும். இரண்டு ஏற்றத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தாங்க முடியாத அளவுக்குப் போனதும் மின்னல் பாயும். பாயும் வழியில் காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸுக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்பின் சத்தம்தான் இடி.

மறுகா அந்த ஸ்னோவுக்கு என்ன நடக்கிறது? விழுகிறது. 5 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் உருகுகிறது. இடிமழையில் தகரக் கூரையில் படபடவென்று விழும் பெருந்துளிகளில் நிறைய, சில நிமிடங்களுக்கு முன் ஸ்னோவாகவோ ஆலி உருண்டையாகவோ இருந்தவை.

அக்காவின் ஊரில் நிலம் வரைக்கும் உறைகுளிர். அதனால் அது உருகாமலே அவர் வாசலுக்கு வந்துவிட்டது. வேறு பெரிய அதிசயம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் ஸ்னோ கொட்டும் போதெல்லாம் ஏன் இடிப்பதில்லை? காற்று வேகமாக மேலே எழும்ப வேண்டும், அதுதான் காரணம். வழக்கமான ஸ்னோ தட்டையாகப் பரந்த முகிலில் இருந்து மெல்ல இறங்கும். அங்கே மோதல் போதாது. பேரிக்கு வேறு ஒரு வசதி இருக்கிறது: பக்கத்தில் ஜோர்ஜியன் குடா, ஹூரோன் ஏரியின் ஒரு பகுதி. குளிர்கால ஆரம்பத்தில் ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதன்மேல் வடக்கிலிருந்து கடுங்குளிர் காற்று வந்து படியும். தண்ணீருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருக்கும் காற்றுக்கும் 13 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஏரியில் இருந்து ஈரக்காற்று கிளம்பி முகில் எழும்பும். நம் முகிலோடு பார்த்தால் குள்ளம், மூன்று கிலோமீட்டர் இருந்தாலே பெரிது. ஆனாலும் உள்ளே கொதிப்பு இருந்தால் மின்னும். அப்படி மின்னுகிற இடத்தில் ஸ்னோவும் சும்மா விழாது, ஒரு மணித்தியாலத்தில் 5 சென்டிமீட்டர் குவிந்துவிடலாம்.

ஜப்பானின் மேற்குக் கரையிலும் இதே கதை, அங்கே ஏரிக்குப் பதில் கடல். குளிர்காலத் தொடக்கத்தில் இடிக்கும் இடியை அங்குள்ள மீனவர்கள் ‘புரி ஒகோஷி’ என்பார்கள். புரி மீனை எழுப்பி விடுகிற இடி. அது கேட்டால் புரி கரைப்பக்கம் வரும் காலம் வந்துவிட்டது என்று கணக்கு. புரி வேறு எதுவும் இல்லை, நம் பாரை மீன் குடும்பம்தான். காத்தான்குடிச் சந்தையில் பாரை வாங்குகிற யாருக்கும் அந்த மனிதர்களின் கணக்கு விளங்கும்.

[காட்சி: மீண்டும் ஒலிப்பதிவின் அலைவடிவம்.]

இனி அந்த ‘தும்’. நம் இடி வாவிக்கு மேலே உருண்டு உருண்டு போகும், 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் கேட்கும். என் அம்மம்மா பாண்டிருப்பு ஆள். திரௌபதை அம்மன் கோயிலடியில் வளர்ந்தவர். இடி தொடங்கினால் “அர்ச்சுனா, பற்குணா, பார்த்தா” என்று சொல்லத் தொடங்குவார். அர்ச்சுனனின் பத்துப் பெயரும் முடியும்வரை அந்த ஒரே இடி உருண்டுகொண்டிருக்கும். ஸ்னோ இடியில் முதல் பெயருக்கே நேரம் போதாது. புதிதாக விழுந்த ஸ்னோ பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றறைகள், சத்தத்தைக் குடித்துவிடும். மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் கேட்காது. மின்னல் கிட்டத்தில் விழுந்தாலோ குண்டு வெடித்த மாதிரி இருக்கும். 2020 டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ மக்கள் விடியப்புறம் அப்படித்தான் பதறி எழும்பிப் பொலிஸுக்கு அழைத்தார்கள்.

ஆகவே ஸ்னோவில் இடி காதில் விழுந்தால், மின்னல் ஏற்கெனவே கிட்டத்தில் இருக்கிறது. இங்கே அம்பாறை வயல் வரம்பில் நிற்பவர் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பார்க்கலாம்: மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் மரத்தடிக்கு ஓடாமல் வீட்டுக்குள்ளோ கதவடைத்த வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் வெளியே வரக்கூடாது.

அக்காவின் வீடியோவில் வெளிச்சம் வந்ததில் இருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தும். ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். படத்தின் ஓரத்தில் அவருடைய மற்றக் கை தெரிகிறது, ஸ்னோ அள்ளும் அலுமினியச் சவளைப் பிடித்தபடி.

விளக்கமெல்லாம் நான் பிறகுதான் சொன்னேன். முதலில் சொன்னது, “அக்கா, சவளைப் போட்டுட்டு உள்ள போ.”